311 ஆட்டங்கள், 4 கோல்கள்

களம் கண்ட பெண்கள் – 17

அமெரிக்காவின் கிறிஸ்டி ராம்போன் தன் நாட்டுக்காக ஆடிய சர்வதேச ஆட்டங்கள் 311. அடித்த கோல்கள் நான்கே நான்கு. கோல் கணக்கை மட்டும் வைத்துக் கால்பந்து வரலாற்றைப் படிப்பவர்கள் கண்ணில் இந்தப் பெயர் படாமலே போய்விடும். ஆனால் இரண்டு உலகக் கோப்பைகள், மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் என அந்த நாட்டுப் பெண்கள் அணி வென்று குவித்த காலத்தில், பின்களத்தில் மூன்றாம் எண் சட்டை அணிந்து நின்றவர் இவர்தான். சென்ற வாரம் நாம் பார்த்த கிறிஸ்டின் லில்லி 354 ஆட்டங்களோடு விடைபெற்றபோது, கேப்டன் பட்டை ஏற்கெனவே ராம்போனின் கைக்கு வந்திருந்தது.

கூடைப்பந்து தந்த கால்கள்

1975 ஜூன் 24 அன்று பிறந்த கிறிஸ்டி பியர்ஸ் (திருமணத்துக்குப் பிறகே ராம்போன்) வளர்ந்தது நியூ ஜெர்சி மாநிலக் கடற்கரை ஊரான பாயின்ட் பிளசன்ட்டில். பள்ளியில் கால்பந்து, கூடைப்பந்து, ஹாக்கி மூன்றிலும் முதல் வரிசை. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலின வேறுபாடு காட்டக் கூடாது என்று 1972-ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், பள்ளி மைதானங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. அந்தச் சட்டம் வந்து மூன்று ஆண்டுகளில் பிறந்த கிறிஸ்டி, அதன் பலனை முழுதாக அனுபவித்த தலைமுறை.

கல்லூரிக் காலம் வீட்டுக்குப் பக்கத்திலேயே, மான்மத் பல்கலைக்கழகத்தில். கால்பந்து உலகம் பெரிதாகக் கவனிக்காத சிறிய கல்லூரி அது. அங்கே அவர் கூடைப்பந்து அணியிலும் இருந்தார். கால்பந்தில் முன்கள ஆட்டக்காரராக எழுபதுக்கும் மேற்பட்ட கோல்கள் அடித்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித்தந்த பயிற்சியாளர் டோனி டிசிக்கோ, இந்தப் பெண்ணின் வேகத்தைப் பார்த்துத் தேசிய முகாமுக்கு அழைத்தார். ஆனால் அவரை நிறுத்தியது பின்களத்தில். 1997 பிப்ரவரி 28, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டம்.

கோல் அடித்துப் பழகிய ஒருவரைத் தடுக்கச் சொன்னால் எப்படி ஒத்துவரும்? இங்கேதான் கூடைப்பந்து கைகொடுத்தது. கூடைப்பந்தில் எதிராளியை மறிப்பவர் முழங்காலை மடக்கி, உடலைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பார். பாய்ந்து விழுந்தால் எதிராளி தாண்டிவிடுவார். பொறுத்து நின்றால் அவரே ஓரத்துக்கு ஒதுங்குவார். கால்பந்தில் கடைசித் தடுப்பில் நிற்பவருக்கும் வேண்டியது அதே பொறுமைதான். வழுக்கி விழுந்து பந்தைப் பறிப்பது பார்க்க அழகாக இருக்கும். எதிராளியின் பலவீனமான காலுக்குப் பந்தைத் தள்ளவிட்டு, கோல் பக்கம் திரும்ப விடாமல் அடைத்து நிற்பதை யாரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. ராம்போனின் ஆட்டம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அதையும் மீறி ஒருவர் தாண்டி ஓடினால், துரத்திப் பிடிக்க அந்த வேகம் இருந்தது.

பெஞ்சிலிருந்து பின்களத்துக்கு

1999 ஜூலை 10. கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் 90,185 பேர். சீனாவைப் பெனால்டியில் வென்று அமெரிக்கா உலகக் கோப்பையைத் தூக்கிய அந்தப் பிற்பகலில் கிறிஸ்டி பெஞ்சில் இருந்தார். ஜாய் ஃபாசெட், பிராண்டி சேஸ்டைன், கார்லா ஓவர்பெக் என்று பின்களம் முழுக்க மூத்தவர்கள். அவர்களைப் பார்த்துக் கற்றவர், அடுத்த ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அணியில் இடம் உறுதியானவரானார். அங்கே வெள்ளி, 2004 ஏதென்ஸில் தங்கம்.

இடையில் ஓர் அடி விழுந்தது. பெண்களுக்காக 2001-ல் தொடங்கிய முதல் தொழில்முறை லீக், 2003 உலகக் கோப்பைக்குச் சில நாட்கள் முன்பு மூடப்பட்டது. நியூயார்க் பவர் அணிக்கு ஆடிவந்த ராம்போன் உட்பட எல்லோருக்கும் ஒரே நாளில் வேலை போனது. 2004-ன் முடிவில் மியா ஹேம், ஜூலி ஃபௌடி, ஜாய் ஃபாசெட் ஆகியோர் விடைபெற்றார்கள். 2005-ல் ராம்போன் தாயானார்.

அவர் திரும்பி வந்ததற்கு ஒரு முன்னோடி உண்டு. ஜாய் ஃபாசெட் மூன்று பிள்ளைகளைப் பெற்றும் பின்களத்தை விட்டுக்கொடுக்காதவர். அவரைப் போன்றவர்கள் போராடிப் பெற்ற ஒப்பந்தத்தால், அணியோடு குழந்தையும் அதைக் கவனித்துக்கொள்ள ஒருவரும் பயணம் செய்யக் கால்பந்துக் கூட்டமைப்பு செலவு செய்தது. பெண் வீரர்களுக்குக் குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பு தரவேண்டும் என்று ஃபிஃபா விதி வகுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்ததோ 2021-ல்தான். திறமையான எத்தனை பெண்கள் அதற்கு முன் முதல் குழந்தையோடு களத்தை விட்டுப் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்கு கோல்களும் அதற்குப் பதிலும்

2007 உலகக் கோப்பை அரையிறுதி, சீனாவின் ஹாங்சோ நகரம். மார்த்தாவும் கிறிஸ்டியானேவும் ஆடிய பிரேசில், அமெரிக்காவை 4-0 என்று நொறுக்கியது. பின்களத்தில் நிற்பவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அந்தத் தோல்விக்குப் பிறகு பயிற்சியாளர் மாறினார். ஸ்வீடனின் பியா சுந்தகே வந்தார். லில்லி மகப்பேறு விடுப்பில் போக, கேப்டன் பொறுப்பு ராம்போனிடம் வந்தது.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக். முன்கள நட்சத்திரம் ஆபி வாம்பாக் போட்டி தொடங்கும் முன்பே கால் முறிந்து விலகியிருந்தார். முதல் ஆட்டத்திலேயே நார்வே, நான்கு நிமிடங்களுக்குள் இரண்டு கோல் போட்டது. அப்படித் தொடங்கிய அணி, இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரே அதே பிரேசில், அதே மார்த்தா, அதே கிறிஸ்டியானே. கூடுதல் நேரத்தையும் சேர்த்து 120 நிமிடங்கள். பிரேசிலால் ஒரு கோல் போட முடியவில்லை. கார்லி லாய்டின் ஒரே கோலில் அமெரிக்காவுக்குத் தங்கம். கோல் போட்ட லாய்டின் பெயர் எல்லாத் தலைப்புச் செய்திகளிலும் வந்தது. பதினோரு மாதங்களில் நான்கு என்பது பூஜ்யமானது எப்படி என்பதற்கான விடை ராம்போன் நடத்திய பின்களத்தில் இருந்தது.

ஒரு வாரம், மூன்று ஊர்கள்

இவருடைய வாழ்வில் ஒரே ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் 2009 ஆகஸ்டைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் இரண்டாவது முறையாகப் பெண்கள் லீக் தொடங்கிய ஆண்டு அது. ராம்போன் ஆடியது சொந்த மாநிலத்தின் ஸ்கை புளூ அணியில். பருவத்தின் நடுவில் முதல் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். அடுத்து வந்தவரும் விலகினார். கடைசியில் நிர்வாகம் கேப்டனையே பயிற்சியாளராக்கியது. யாரை ஆடவிடுவது, யாரை உட்காரவைப்பது என்று தீர்மானித்துவிட்டு, அதே ஆட்டத்தில் அவரும் இறங்கித் தடுத்தாடினார்.

நான்காம் இடம் பிடித்து எப்படியோ அடுத்த கட்டத்துக்குள் நுழைந்த அணிக்கு, மூன்று ஆட்டங்களும் வெளியூரில். ஆகஸ்ட் 15 அன்று வாஷிங்டன் அணியை 2-1 என்று வென்றார்கள். நான்கு நாள் கழித்து செயின்ட் லூயிஸில் 1-0. மேலும் மூன்று நாளில் நாட்டின் மறுகோடியில், மார்த்தாவைத் தன் பக்கம் வைத்திருந்த லாஸ் ஏஞ்சலிஸ் அணியை 1-0 என்று வீழ்த்திக் கோப்பையைத் தட்டிச் சென்றார்கள். மூன்று ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது ஒரே கோல்.

ஆட்டம் முடிந்த பிறகுதான் செய்தி வெளியே வந்தது: அந்த வாரம் முழுக்க ராம்போன் கருவுற்றிருந்தார், கிட்டத்தட்ட மூன்று மாதம். 2010 மார்ச்சில் இரண்டாவது மகள் பிறந்தாள். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் அவர் மறுபடியும் கேப்டன்.

நாற்பது வயதில்

அந்த 2011 இறுதிப் போட்டியில் ஜப்பானிடம் பெனால்டியில் தோற்றார்கள். அதே ஆண்டில் அவருக்கு லைம் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. உண்ணி கடித்துப் பரவும் இந்த நோயில் மூட்டுவலியும் விடாத அசதியும் ஆளை முடக்கிவிடும். ராம்போன் உணவை மாற்றினார், ஓய்வை முறைப்படுத்தினார், ஆட்டத்தை நிறுத்தவில்லை. 2012 ஆகஸ்ட் 9, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 80,203 பேர் முன்னிலையில் அதே ஜப்பானை 2-1 என்று வென்று மூன்றாவது ஒலிம்பிக் தங்கம். அப்போது அவருக்கு வயது 37. இரண்டாவது லீக்கும் அந்த ஆண்டோடு மூடப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு மூன்றாவது லீக் பிறந்தபோது அதிலும் அவர் இருந்தார்.

2015 உலகக் கோப்பை கனடாவில். பெக்கி சாவர்பிரன் போன்ற இளையவர்கள் பின்களத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ராம்போன் மீண்டும் பெஞ்சில், 1999-ல் தொடங்கிய அதே இடத்தில். போட்டிக்கு நடுவே நாற்பதாவது பிறந்தநாள் வந்தது. ஜூலை 5, வான்கூவரில் இறுதிப் போட்டி. ஜப்பானுக்கு எதிராக 5-2 என்று முன்னிலையில் இருந்தபோது, 86-வது நிமிடத்தில் பயிற்சியாளர் ஜில் எல்லிஸ் அவரைக் களம் இறக்கினார். 1999 அணியிலிருந்து எஞ்சியிருந்த ஒரே ஒருவர் அவர். கோப்பையை அவரும் வாம்பாக்கும் சேர்ந்து உயர்த்தினார்கள்.

அந்த ஆண்டோடு சர்வதேச ஆட்டங்கள் நின்றன. 2017-ல் முழு ஓய்வை அறிவித்தார். 2021-ல் அமெரிக்கக் கால்பந்தின் புகழ்மன்றத்தில் இடம் கிடைத்தது.

இரண்டு லீக்குகள் அவர் காலுக்கடியில் இடிந்தன. பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். பெண்கள் கால்பந்து நிலைத்தது முதலாளிகளின் பணத்தால் மட்டும் அல்ல. பணம் போன பிறகும் அடுத்த பருவத்துக்குப் பயிற்சிக்கு வந்து நின்ற பெண்களாலும்தான். அவர்கள் வரிசையில் ராம்போனுக்கு நான் முதல் இடம் தருவேன்.

பெண்கள் உலகக் கோப்பையில் ஆடிய மிக மூத்தவர் என்ற அவருடைய சாதனை நான்கே ஆண்டுகள்தான் நின்றது. 2019-ல் அதை முறியடித்தவர், பெண்கள் கால்பந்து ஆடுவதே சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் பிரேசிலில் பிறந்தவர். ஏழு உலகக் கோப்பைகள் கண்ட அந்த ஃபோர்மிகாவின் கதை, அடுத்த வாரம்.

(தொடரும்)