மரப்பால் கம்பி முதல் இணைய நெறிமுறை வரை

தங்கா பத்து என்னும் மலாய்ப் பெயருக்குக் கற்படி என்பது பொருள். மலாக்கா மாநிலத்துக் கடலோரத்தே அமைந்த இவ்வட்டாரத்தின் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் வாழ்ந்த நம் முன்னோர், கடலுக்கு அப்பால் இருந்த உற்றாரோடு உறவாடக் கடிதத்தையே நம்பியிருந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளோ இன்று கைப்பேசியில் நொடிப்பொழுதில் உரையாடுகின்றனர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வரலாற்றை அறியாது, இணையத்தை ஏதோ மாயமென எண்ணியிருத்தல் கற்றோர்க்கு அழகன்று. கற்படியில் ஏறுவார்போல் ஒவ்வொரு படியாக அதனைக் காண்போம்.

முதற்படியில் ஒரு மரம் நிற்கிறது. மலாயாக் காடுகளில் வளர்ந்த கெட்டா பெர்ச்சா மரத்தின் பால், கடல்நீர் உட்புகாவண்ணம் மின்கம்பியைக் காக்க வல்லது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மேலைநாட்டார் கண்டறிந்தனர். அப்பாலால் உறையிட்ட கம்பிகளே கடலடியில் இடப்பட்டன. 1870-71ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை தந்திக்கம்பி அமைந்தது. எனினும் அது ஆட்சியாளர்க்கும் வணிகர்க்கும் பயன்பட்ட அளவுக்குத் தோட்டத்தில் உழைத்தவர்க்குப் பயன்படவில்லை. 2005ஆம் ஆண்டின் இறுதியில், சிங்கப்பூரிலிருந்து பிரான்சு வரை ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர் நீளும் சீ-மீ-வீ 4 என்னும் ஒளியிழைக் கம்பி செயற்படத் தொடங்கியது. அது கரையேறும் இடங்களுள் மலாக்காவும் உண்டு. சென்னையும் கொழும்பும் உண்டு.

கம்பி மட்டும் இருந்தால் போதுமா? போதாது. இரு கணினிகள் பேசிக்கொள்ள இருபாலும் ஒப்புக்கொண்ட விதிகள் வேண்டும். அவ்விதிகளையே நெறிமுறை என்கிறோம். 1974ஆம் ஆண்டில் வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதற்கான அடிப்படையை வகுத்து வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த டிசிபி, ஐபி என்னும் நெறிமுறைகளை, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1983 சனவரி முதல் நாளன்று மேற்கொண்டது. சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்த செய்தியின் ஒவ்வொரு பொட்டலத்திலும் முகவரி எழுதி, வழி பார்த்து அனுப்புவது ஐபியின் பணி. செய்தியைப் பிரித்து, பகுதிகளுக்கு எண்ணிட்டு, தவறியதை மீண்டும் அனுப்பச் செய்து, மறுமுனையில் வரிசை பிறழாமல் சேர்ப்பது டிசிபியின் பணி. நம் நாட்டில் மைமோஸ் நிறுவனம் 1987இல் ரங்கோம் என்னும் வலையமைப்பையும், பின்னர் ஜாரிங் என்னும் இணையச் சேவையையும் தொடங்கியது.

முகவரி என்பதை விளக்கத் தோட்டத்து வாழ்க்கையே போதும். அந்நாளில் லயத்து வீடுகளுக்குத் தனித்தனி அஞ்சல் முகவரி கிடையாது. கடிதங்கள் யாவும் தோட்ட அலுவலகத்திற்கே வரும். கிராணியார் பெயர் பார்த்துப் பிரித்தளிப்பார். இன்று நம் வீட்டிலுள்ள இணையப் பெட்டியும் அத்தகைய கிராணியே. வெளியுலகிற்குப் பெரும்பாலும் ஒரே முகவரி, உள்ளே 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண்கள் பல. பழைய ஐபி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே இயலும். உலகின் கருவிகளுக்கு அவை போதாமையால் இவ்வேற்பாடு பரவியது.

எண்களை மனிதர் நினைவில் வைத்தல் அரிது. ஆதலின் பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் டிஎன்எஸ் என்னும் பெயரேட்டு முறையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். தொடக்கத்தில் அவ்வேட்டில் ஆங்கில எழுத்துகளுக்கே இடமிருந்தது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா ஆகிய நாட்டுப் பெயர்கள் தமிழ் எழுத்திலேயே அவ்வேட்டில் இடம்பெற்றன என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

பழுது நேர்ந்தால் எவ்வாறு அறிவது? பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதும் ஆள் குரல் கொடுப்பதுபோல், தொலைவிலுள்ள கணினியை அழைத்து மறுமொழி பெறும் கருவி பிங். 1983இல் மைக் மூஸ் இதனை எழுதினார். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே 3,000 கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்று மீள ஒரு நொடியின் நூறில் மூன்று பங்கு போதும். அதனினும் மிகுதியாகக் காலம் கழிந்தால், வழி சுற்றுவழியாகவோ நெரிசலாகவோ இருக்கலாம். கடிதத்தின்மேல் விழுந்த அஞ்சல் முத்திரைகள் அது கடந்துவந்த ஊர்களைக் காட்டுவதுபோல, பொட்டலம் செல்லும் வழியிலுள்ள நிலையங்களைக் காட்டுவது டிரேஸ்ரூட். பெயருக்கு உரிய எண்ணைக் கேட்டறிய உதவுவது என்எஸ்லுக்கப். இம்மூன்றும் கட்டணமின்றிக் கிடைப்பவை.

இவ்வரலாற்றில் தமிழர் நெஞ்சில் நிறுத்தவேண்டிய பாடம் ஒன்றுண்டு. தொண்ணூறுகளில் தமிழில் மின்னஞ்சல் எழுதினோர் ஆளுக்கோர் எழுத்துருவைக் கையாண்டனர். பொட்டலங்கள் பழுதின்றிச் சேர்ந்தன. படிப்பவர் கண்ணுக்கோ பொருளற்ற குறிகளே தென்பட்டன. கம்பியில் குறையில்லை, உடன்பாட்டில்தான் குறை. 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் அறிஞர்கள் கூடி ஆராய்ந்தனர். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, நம் நாட்டின் முத்து நெடுமாறன் ஆகியோர் உழைப்பு இதில் குறிப்பிடத்தக்கது. இன்று யூனிக்கோடு முறையில் 'தமிழ்' என்னும் சொல் ஐந்து குறியீடுகளாகி, பதினைந்து பைட்டுகளாகப் பயணம் செய்து, எந்நாட்டிலும் தமிழாகவே வெளிப்படுகிறது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இணைப்புக் கிட்டாமல் பிள்ளைகள் பலர் பாடம் இழந்ததை ஆசிரியர்கள் அறிவர். அத்தகைய நேரத்தில் பழுது வீட்டுப் பெட்டியிலா, பெயரேட்டிலா, வெளிவழியிலா என்று பிரித்தறியத் தெரிந்தவரே உரியவரிடம் உரிய குறையைத் தெளிவாக எடுத்துரைக்க முடியும். அறியாதவர், இணையம் இல்லை என்று கைகட்டி நிற்பர். கிராணியார் கடிதம் தரும்வரை வாசலில் காத்திருந்த காலம் நம் பாட்டன்மாரோடு போகட்டும். மாணவச் செல்வங்கள் வழியறிந்து செல்லும் தலைமுறையாக வளர, இப்படிகளைத் தமிழிலேயே கற்பித்தல் நம் கடமையாகும்.