துருவும் உழைப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெருந்தெரு எதிலேனும் சிறிது தூரம் செல்வோர் வழியில் ஒரு கராச்சைக் காணாதிருத்தல் அரிது. தகரக் கொட்டகையின் கீழோ பூவரசின் நிழலிலோ, சில்லுகள் கழற்றப்பட்டுக் கல்லடுக்கின் மேல் ஏற்றப்பட்ட பழைய டீசல் பிக்கப் ஒன்று அங்கே நிற்கும். ‘கெப்’ என்று நம்மவர் அழைக்கும் அவ்வண்டியின் தரைத்தகட்டைத் துரு அரித்திருக்கும். கதவின் அடிப்பாகம் தொட்டவுடன் உதிரும். பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்பதற்கன்றி வேறெதற்கும் அது உதவாது என்றே வழிப்போக்கர் எண்ணுவர். எனினும் சில மாதங்களின் பின் அதே வண்டி வெங்காய மூடைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குச் செல்வதைக் காண்கின்றோம். இம்மாற்றத்தை நிகழ்த்தும் உழைப்பு எத்தகையது? அவ்வுழைப்பை நம் நாட்டில் இன்றியமையாததாக்கிய வரலாற்றுக் காரணிகள் யாவை? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வியந்திரத்தை ஆக்கியவரின் நோக்கத்தை முதலில் அறிதல் பயனுடைத்து. டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். பின்னரே அஃது ஓர் எண்ணெயின் பெயராயிற்று. ருடொல்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், ஜேர்மனியிலிருந்து குடியேறிய கைவினைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவர் வாழ்ந்த காலம் நீராவியின் காலம். பெரிய கொதிகலனையும் பெருந்தொகை நிலக்கரியையும் வாங்க வல்ல முதலாளியே இயந்திர வலுவைத் தன் கையில் வைத்திருந்தான். சிறு பட்டறைக்காரன் அவனோடு போட்டியிட இயலாது நலிந்தான். சிறு கைவினைஞனும் பயன்படுத்தத்தக்க, எரிபொருளை வீணாக்காத இயந்திரமொன்றை ஆக்கவேண்டுமென்பது டீசலின் அவா. 1893-இல் தம் கோட்பாட்டை நூலாக வெளியிட்ட அவர், 1897-இல் ஓக்ஸ்பேர்க் நகரில் அதனைச் செயலில் நிறுவினார். எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை அவ்வியந்திரம் வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி இயந்திரங்களிற் பல பத்தில் ஒரு பங்கையேனும் எட்டவில்லை என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

டீசல் இயந்திரத்தோடு அமைந்துவிடவில்லை. உழைப்பாளர் தம் சேமிப்பை ஒன்றுசேர்த்துத் தொழில்களுக்குத் தாமே உரிமையாளராக வேண்டுமென வலியுறுத்தி, 1903-இல் ‘சொலிடாரிஸ்முஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். பதினாயிரம் பிரதிகள் அச்சிடப்பட்ட அந்நூலில் விற்பனையானவை சில நூறே. இயந்திரத்தை விரும்பிய சமுதாயம் அதனை ஆக்கியவரின் சமுதாயச் சிந்தனையை வேண்டவில்லை. 1912-இல் ‘செலாண்டியா’ என்னும் டேனிஷ் கப்பல் டீசல் வலுவால் சமுத்திரம் கடந்தது. 1914-இல் மூண்ட உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களை அதே வலு செலுத்தியது. யுத்தத்தைக் காண அவர் இருக்கவில்லை. 1913 செப்டெம்பரில் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து ஓரிரவில் அவர் காணாமற்போனார். கடன் சுமை அவரை அழுத்திக்கொண்டிருந்த காலம் அது. சிறு பட்டறைக்கென எண்ணப்பட்ட இயந்திரம் பெருமூலதனத்தையும் படைகளையும் சென்றடைந்த கதை இதுவே.

இனி நம் நாட்டை நோக்குவோம். சுதந்திரத்தின் பின்னும் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றை விற்று ஏனைய யாவற்றையும் வாங்கும் பொருளாதாரமே இலங்கையில் நிலைத்தது. அந்நியச் செலாவணி குன்றியதும், 1960-களில் மோட்டார் வாகன இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன; 1970 முதல் 1977 வரை அவை மேலும் இறுகின. தெருவில் ஓடிய மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகளை மேலும் பல்லாண்டுகள் ஓடச்செய்யும் பொறுப்பு அப்போது கராச்சுத் தொழிலாளரின் தலையிற் சுமந்தது. 1977-இல் கதவு திறக்கப்பட்டதும் யப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. 1968-இல் யப்பானில் அறிமுகமாகி, 1970-களின் இறுதியில் டீசல் எஞ்சினையும் பெற்ற ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகள் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் ஏற்றனவாக விளங்கின. இன்று கல்லடுக்கின் மேல் நிற்பன பெரும்பாலும் அத்தலைமுறையைச் சேர்ந்த வண்டிகளே.

வடபுலத்திலோ கதவு மீண்டும் அடைபட்டது. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டதும் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்குச் செல்வது தடுக்கப்பட்டது, மின்சாரமும் அற்றுப்போயிற்று. தாழ்ந்த அமுக்கமுடைய பழைய பெற்றோல் எஞ்சின்களைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டும் முறையை நம் தொழிலாளர் பழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். அமுக்கம் மிகுந்த புதிய கார்கள் அந்த எண்ணெயை ஏற்காது முடங்க, முதிய ஏ-40 கார்கள் நோயாளரைச் சுமந்து சென்றன. 1995 ஒக்டோபர் 30-ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வெளியேறியபோது, ஓடக்கூடிய வண்டிகள் மனிதரோடு சென்றன. ஓடாதவை முற்றங்களில் நின்றன. உரியவர் மீள முடியாதிருந்த ஆண்டுகளில் புதர் அவற்றை மூடிற்று. கடற்காற்றின் உப்பு அவற்றைத் தின்றது. ஆகவே, நம்மூர் வண்டியொன்றின் துருவை ஆராய்பவன் ஈரத்தையும் உப்பையும் மட்டுமன்றி யுத்தத்தையும் அதிற் காண்பான்.

அத்தகைய வண்டியை மீட்பது எங்ஙனம்? துரு மேலே தோன்றுவதிலும் பார்க்க உள்ளே மிகுதி. இரும்பு துருவாகுங்கால் அதன் பருமன் பெருகுகின்றது. இரு தகடுகள் பொருந்துமிடத்தில் அது புகுந்து அவற்றை ஆப்புப்போல் நெம்பிப் பிரிக்கின்றது. எனவே தொழிலாளி முதலில் சுத்தியலால் அடிச்சட்டமெங்கும் தட்டிப் பார்க்கின்றான். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரிபட்ட இரும்பு மந்தமாக ஒலிக்கும். அரிபட்டதை, நல்ல உலோகம் தென்படும் வரை வெட்டியெறிந்து, அதே தடிப்புள்ள தகட்டை வெட்டி வளைத்து வெல்டிங் செய்கின்றான். துருவின் மேலேயே பூச்சடிப்பவனும் உளன். ஒரு மாரி கடக்குமுன் அவனது வேலை வெளிப்பட்டுவிடும்.

எஞ்சினின் நிலை இன்னும் நுட்பமானது. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி இல்லை. சிலிண்டரில் அடைபட்ட காற்றைப் பிஸ்ரன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அமுக்க, அதனாற் பிறக்கும் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கின்றது. பல்லாண்டு நின்ற எஞ்சினில் பிஸ்ரன் வளையங்கள் துருவினால் இறுகியிருக்கும். அவசரப்பட்டு மோட்டாரைச் சுழற்றினால் வளையமுறியும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் வார்த்து, நாட்கணக்கிற் காத்திருந்து, பின் கையால் மெல்லத் திருப்புவதே முறை. எண்ணெய்ப் பம்பின் உட்பாகங்களுக்கிடையேயுள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கே. தாங்கியிலிருந்து வரும் ஒரு துகள் துரு அதனைக் கெடுக்கப் போதும். ஆதலால் தாங்கி, குழாய், வடிகட்டி யாவும் கழுவப்படல் வேண்டும். இறுதியில் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, குமிழியின்றி எண்ணெய் வருவதைக் கண்ட பின்னரே எஞ்சினை இயக்குவர். செவியும் விரலும் பொறுமையும் ஒருங்கே வேண்டப்படும் அறிவு இது.

இவ்வறிவுக்கு நம் சமுதாயம் அளித்துள்ள இடம் யாது? ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்ற நம் பழமொழி கந்தோர் நாற்காலியையே உத்தியோகமெனக் கொண்டது. எண்ணெய் படிந்த கையை அது பொருட்படுத்தவில்லை. பத்தாண்டு பழகி வித்தை கற்ற இளைஞனிடம் அதனை உறுதிப்படுத்தும் தாளொன்றும் இராது. முகமூடியின்றித் துருத்தூளையும், புற்றுநோய்க்குக் காரணமென உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகம் 2012-இல் வகைப்படுத்திய டீசற் புகையையும் அவன் சுவாசிக்கின்றான். வறுமையிலும் தடையிலும் பிறந்த திறமையைப் புகழ்வது எளிது. அப்புகழ்ச்சி அவனது நுரையீரலைக் காக்காது. அவனது முதுமைக்குச் சோறும் போடாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. 2022-இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது நின்றது. எண்ணெய்க்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளில் பழைய வண்டியின் விலை ஏறியது. பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய உதிரிப்பாகமும் அருமையாயிற்று. ஏறிய விலையில் வணிகன் இலாபங் கண்டான்; வண்டியை மீட்டவனின் நாட்கூலியோ பொருள்களின் விலையைத் துரத்திப் பின்னே ஓடியது.

எந்த வண்டி பழைய இரும்பு, எந்த வண்டி பயனுள்ளது என்பதை இரும்பின் வயது தீர்மானிப்பதில்லை. நாட்டின் பொருளாதாரமும், அதனை மீட்க வல்ல உழைப்பும் தீர்மானிக்கின்றன. பெருமூலதனத்தையும் படைகளையும் சென்றடைந்த டீசலின் இயந்திரம், தன் முதுமையில், துருவேறிய கோலத்தில், அவர் யாருக்கென எண்ணினாரோ அந்தச் சிறு பட்டறைக்காரனிடம் வந்து சேர்ந்துள்ளது. ஆயினும் உழைப்பாளர் ஒன்றுசேர்ந்து தம் தொழிலுக்குத் தாமே உரிமையாளராதல் என்னும் அவரது மற்றைய எண்ணம் இன்னும் வந்து சேரவில்லை. கராச்சுத் தொழிலாளர் கூட்டுறவாக இணைந்து, கடைச்சல் இயந்திரத்தையும் பம்புச் சோதனைக் கருவியையும் பொதுவில் உடைமையாக்கி, தம் வித்தைக்குச் சான்றிதழும் தம் உடலுக்குப் பாதுகாப்பும் கோரிப் பெறும் நாளில், விற்காது போன அந்நூலின் பிரதிகளுக்கும் ஒரு பயன் கிட்டியதாகும்.