வெயில் இல்லாத வியர்வை

கார்த்திகை மழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடிய நாள் அது. குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் சூழ்ந்திருந்தது. கல்லூரியில் பருவத் தேர்வு. மின்விசிறியை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு அறையில் குளிர். கண்காணிப்புப் பணியில் இருந்த என் கண்ணில், மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவி பட்டார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. மடியில் இருந்த கைக்குட்டையை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைக்குட்டைக்குள் துண்டுச்சீட்டு இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். அவரை எழுந்து நிற்கச் சொல்லி, அதை விரித்துப் பார்த்தேன். ஈரத்தைத் தவிர அதில் எதுவும் இல்லை. விடைத்தாளில் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் தாள் நைந்து, எழுத்து கலைந்திருந்தது. அறை முழுவதும் அவரையே பார்த்தது. தேர்வு முடிய ஒரு மணி நேரம் இருந்தும் அதன்பிறகு அவர் அரைப்பக்கத்துக்கு மேல் எழுதவில்லை.

பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். 'எட்டாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான் சார்' என்றார். கைகுலுக்க வேண்டியிருக்குமே என்று அஞ்சி, வளாக நேர்காணலுக்குப் பெயர் கொடுக்காமல் விட்டதையும் சொன்னார். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்ட மற்றொன்றின் மதிப்பே 'வாய்ப்புச் செலவு' என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவன் நான். ஈரமான உள்ளங்கைக்கு ஒரு பெண் கொடுத்த விலையை அன்றுதான் அறிந்தேன். பொருளாதாரம் படித்தவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். குற்ற உணர்ச்சிதான் என்னை இதைப் படிக்க வைத்தது.

மனித உடலில் சுமார் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் உடலெங்கும் வழிவது வெப்பத்தைத் தணிக்கும் வியர்வை. அச்சத்திலும் பதற்றத்திலும் சுரப்பது வேறு வகை. அது உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள், நெற்றி ஆகிய இடங்களில்தான் மிகுதியாகத் தோன்றும். அதற்கு வெயில் தேவையில்லை. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத பரிவு நரம்பு மண்டலம் அதை இயக்குகிறது. 'வியர்க்காதே' என்று கைக்குக் கட்டளையிடுவது, 'துடிக்காதே' என்று இதயத்துக்குச் சொல்வதைப் போன்றதுதான். உணர்ச்சிக்கும் வியர்வைக்கும் உள்ள தொடர்பைத் தமிழர் முன்பே கவனித்திருக்கின்றனர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், காதலின் தொடக்க நிலையில் தோன்றும் மெய்ப்பாடுகளுள் தலைவியின் நெற்றி வியர்ப்பதையும் எண்ணுகிறது.

ஆனால் நாம் வியர்வையைக் குற்றத்தின் அடையாளமாகவே படிக்கிறோம். வேலைச் சந்தையில் முதலாளி 'அறிகுறிகளை' வைத்து ஆளை மதிப்பிடுவதை 1973-இல் ஆராய்ந்த மைக்கேல் ஸ்பென்ஸ், 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஓர் அறிகுறி தகுதியுள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துக் காட்டினால்தான் அதற்கு மதிப்பு. திறமைசாலிக்கும் வியர்க்கிறது, திறமையற்றவருக்கும் வியர்க்கிறது. அப்படியானால் நேர்காணல் மேசையில் அது எதைக் காட்டுகிறது? உண்மை கண்டறியும் கருவி அளப்பவற்றுள் ஒன்றும், வியர்வையால் தோலின் மின்கடத்தும் திறன் மாறுவதைத்தான். ஒருவரின் சம்மதமின்றி அச்சோதனையை நடத்தக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல் நிலையத்துக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது, தேர்வறையில் நான் என் கண்ணையே கருவியாக்கிக்கொண்டேன்.

வியர்ப்பவரை வாட்டுவது வியர்வையைவிட, 'பிறர் பார்த்துவிடுவார்களோ' என்ற எண்ணம். அந்த எண்ணம் பதற்றத்தைக் கூட்டுகிறது; பதற்றம் மேலும் வியர்க்க வைக்கிறது. நேர்காணலைத் தவிர்த்தால் அப்போதைக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் அடுத்த நேர்காணல் இன்னும் பெரிய பூதமாகத் தெரியும். எனவே மனநல வல்லுநர்கள் தவிர்ப்பதைக் கைவிடச் சொல்கின்றனர்: முதலில் வீட்டாரிடம் கைகுலுக்குவது, பிறகு நண்பர்கள் முன்னிலையில் மாதிரி நேர்காணல், பிறகு மேடை. வியர்த்தபடியே பேசி முடித்துத் திரும்பிய அனுபவம் சில முறை வாய்த்தால் அச்சம் தளரும். 'உங்களுக்கே தெரியும், எனக்குக் கொஞ்சம் வியர்க்கும்' என்று சிரித்தபடி முன்கூட்டியே சொல்லிவிடுவதும் பாரத்தைக் குறைக்கும்.

மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுவது ஐந்து நிமிடங்களில் பதற்றத்தைத் தணிக்க உதவும். கையை உடனே உலர்த்திவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முக்கியமான நாளின் காலையில் இரண்டாவது காபியைத் தவிர்ப்பது நல்லது (நெல்லைக்காரர்களிடம் இதைச் சொல்வது எளிதல்ல). விடைத்தாளின் மேல் கைக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு வெற்றுத்தாளும் பருத்திக் கைக்குட்டையும் போதும், எழுத்து கலையாது.

இவற்றுக்கு அடங்காத வியர்வைக்கு மருத்துவம் உண்டு. அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சை இரவில் நன்கு உலர்ந்த தோலில் தடவி, காலையில் கழுவுவது முதற்படி. தண்ணீரில் கையை வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சையும், சில மாதங்களுக்குப் பலன் தரும் போட்டுலினம் ஊசியும் அடுத்தவை. மேடை நடுக்கத்துக்குத் தரப்படும் புரோப்ரனலால் மாத்திரை இதயப் படபடப்பைக் குறைக்குமே தவிர, வியர்வைச் சுரப்பியை நேரடியாகத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து என்பதால் மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கக் கூடாது. நரம்பைத் துண்டிக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கை உலர்ந்தாலும், பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் வியர்வை பெருகும். ஆகவே அது கடைசி வழி.

எல்லா வியர்வையையும் மனத்தின் மேல் ஏற்றிவிடவும் கூடாது. பதற்றத்தால் வரும் உள்ளங்கை வியர்வை பெரும்பாலும் தூக்கத்தில் நின்றுவிடும். இரவில் படுக்கை நனைய வியர்த்து, காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை தேவை. படபடப்பு, கைநடுக்கத்துடன் எடை குறைந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்குத் திடீரென வியர்த்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். நினைவுடன் இருந்தால் உடனே இனிப்புத் தர வேண்டும். நெஞ்சுவலியுடன் குளிர்ந்த வியர்வை வந்தால் யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவும் மனநலப் பிரிவும் உள்ளன. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். கல்லூரிகள் செய்ய வேண்டியதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. கண்காணிப்பாளர்களுக்கான குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்: கைக்குட்டையைச் சோதிக்க வேண்டுமானால் தேர்வு தொடங்கும் முன் சோதியுங்கள், நடுவில் எழுப்பி நிறுத்தாதீர்கள்.

கடந்த ஆண்டு ஓய்வூதியத்துக்கான உயிர்ச்சான்று பெற ஒரு சேவை மையத்துக்குச் சென்றேன். விரல்ரேகைக் கருவி இருமுறை என் கட்டை விரலை ஏற்கவில்லை. பின்னால் வரிசை நீண்டது. ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்ற எண்ணம் எழ, விரல் மேலும் ஈரமானது. கருவியின் முன் அமர்ந்திருந்த இளைஞர் ஒரு துணியை நீட்டி, 'துடைச்சிட்டு மெதுவா வைங்க சார், ஒண்ணும் அவசரமில்ல' என்றார். மூன்றாவது முறை கருவி ஏற்றுக்கொண்டது.