அமெரிக்காவுல 'ஷெரிஃப்'... ஸ்ரீவைகுண்டத்துல யார்? அதிகாரம் யார் கையில்?

ஹாலிவுட் படங்களில் நட்சத்திர பேட்ஜ் குத்திக்கொண்டு வருவாரே, அவர்தான் ஷெரிஃப். நம்ம ஊர்ல அப்படி ஒருத்தர் இருக்கிறாரா?

ஷெரிஃப் என்ன செய்வார்?

அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பகுதிதான் கவுண்டி. பெரும்பாலான கவுண்டிகளில் ஷெரிஃபை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரோந்து, கைது, கவுண்டி சிறை, கோர்ட் பாதுகாப்பு, சம்மன் கொடுப்பது என எல்லாம் பெரும்பாலும் அவர் பொறுப்பு.

ஸ்ரீவைகுண்டத்தில் யார்?

இங்கே அதே வேலை பல துறைகளுக்குப் பிரிந்து கிடக்கிறது. சட்டம் ஒழுங்கு, டிஎஸ்பி பொறுப்பு. கிளைச்சிறை, சிறைத்துறை வசம். சிவில் வழக்கில் சம்மன் கொடுப்பதும் ஜப்தி செய்வதும் கோர்ட் அமீனா. தாசில்தார், நிர்வாக நடுவர். பழைய 144 தடை உத்தரவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் பிரிவு 163 ஆகிவிட்டது. இவர்களில் யாரையும் மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லோரும் அரசுப் பணியாளர்கள்.

சென்னையில் இருந்தாரே?

ஆமாம். 1726-ம் ஆண்டு அரச சாசனத்தின் வழியாக மெட்ராஸுக்கு ஷெரிஃப் பதவி வந்தது. பிற்காலத்தில் வெறும் கௌரவப் பதவியாகி, பிறகு ஒழிக்கப்பட்டது. மும்பை, கொல்கத்தாவில் இன்னும் தொடர்கிறது.

அதிகாரம் பிரிந்திருந்தால் என்ன?

நல்லதும் உண்டு: கைது செய்பவரே சிறையையும் நடத்த முடியாது. சிக்கலும் உண்டு. ஸ்ரீவைகுண்டம் தாலுகா முறப்பநாட்டில், தாமிரபரணி மணல் கொள்ளை பற்றிப் போலீசில் புகார் கொடுத்தவர் விஏஓ லூர்து பிரான்சிஸ். 2023 ஏப்ரல் 25 அன்று அலுவலகத்துக்குள்ளேயே வெட்டப்பட்டு உயிரிழந்தார். இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மணல் திருட்டை முதலில் பார்ப்பவர் விஏஓ. ஆனால் அவரிடம் லத்தியும் இல்லை, காவலரும் இல்லை. புகார் எழுதிவிட்டு, இன்னொரு துறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நீங்கள் யாரிடம் போக வேண்டும்?

குற்றம் என்றால் காவல் நிலையம். அங்கே வழக்குப் பதியாவிட்டால் மாவட்ட எஸ்பிக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் குற்றவியல் நடுவர் கோர்ட். பட்டா விவகாரம் என்றால் தாலுகா ஆபீஸ். கடன், சொத்து வழக்கு என்றால் சிவில் கோர்ட். எங்கே போனாலும் மனு கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீங்க.