தடை பெற்றவனும் அவனுடைய அணியும்

1990 ஜூலை 3. குற்றாலத்தில் சாரல் காலம். இத்தாலியில் மாலை எட்டு மணிக்குத் தொடங்கிய ஆட்டம் நமக்கு இரவு பதினொன்றரை மணி. தென்காசியிலும் செங்கோட்டையிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளில், தூர்தர்ஷனின் ஒளிபரப்புக்காக விழித்திருந்தவர்களுக்கு அந்த ஆட்டம் நினைவிருக்கும். உலகக் கோப்பை அரையிறுதியில் அர்ஜென்டினா இத்தாலியை பெனால்டி உதைகளில் வென்றது. அதில் ஓர் உதை மாரடோனாவுடையது. ஆட்டம் நடந்ததோ அவர் ஆறாண்டுகளாக விளையாடிவந்த நேப்பிள்ஸ் நகரில். தன் நாட்டையும் தன் நாயகனையும் எதிரெதிராகக் கண்ட நகரம் அன்றிரவு இரண்டுபட்டது.

எட்டு மாதங்களுக்குப் பின், 1991 மார்ச் 17 அன்று, பாரி அணியுடனான ஆட்டம் முடிந்ததும் எடுக்கப்பட்ட மாரடோனாவின் சிறுநீர் மாதிரியில் கோகெய்ன் இருப்பது தெரிந்தது. பதினைந்து மாதத் தடை. 1984இல் அன்றைய உலகச் சாதனை விலைக்கு அவரை வாங்கிய நாப்போலி கிளப், அவரால் 1987லும் 1990லும் இத்தாலிய லீக் பட்டத்தையும், 1989இல் யூஈஎஃப்ஏ கோப்பையையும் வென்றிருந்தது. அதுவரை தென் இத்தாலியின் அந்த நகரத்துக்கு லீக் பட்டம் என்பதே வாய்த்ததில்லை.

அவர் பழக்கத்துக்கு அடிமையானது அந்த மார்ச் மாதத்தில் அல்ல. பார்சலோனாவில் இருந்தபோதே தொடங்கியதாக மாரடோனாவே பின்னாளில் சொன்னார். கிளப்புக்குத் தெரியாதா என்ற கேள்விக்கான விடையை, நாப்போலியின் தலைவராக இருந்த கொர்ராதோ ஃபெர்லாய்னோ 2003இல் வெளிப்படையாகத் தந்தார். தெரிந்திருந்தது; சோதனையில் அகப்படாதிருக்க வழியும் செய்யப்பட்டிருந்தது. வார இறுதி ஆட்டத்துக்குள் உடல் தூய்மையாகிவிட வேண்டும் என்பதே கணக்கு. பட்டங்கள் வந்துகொண்டிருந்தவரை கிளப்பின் கண்கள் மூடியே இருந்தன. தடை முடிந்தபோதும் 1993 வரை ஒப்பந்தம் இருப்பதைச் சொல்லி அவரைத் திரும்பக் கேட்டது நாப்போலி. ஃபிஃபா இடைப்பட்ட பிறகே 1992இல் அவர் செவியா அணிக்குப் போனார். மருத்துவம் தேவைப்பட்ட ஒரு மனிதன், இந்தப் பேரம் முழுவதிலும் ஒரு சொத்தாகவே பேசப்பட்டான்.

இவ்விடத்தில் ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். போதை குறித்த சமூகத்தின் பார்வை என்றும் ஒன்றாக இருந்ததில்லை. குற்றாலத்து மண்டபங்களில் சிலும்பி புகைத்த சாமியார்களைக் கண்டு நம் முன்னோர் அதிர்ந்துபோனதில்லை. வெள்ளையர் ஆட்சியில் கஞ்சா உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. 1893-94இல் அதை ஆராய அமைக்கப்பட்ட குழு, முழுத் தடை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. கஞ்சா நாடு முழுவதற்குமான கடும் குற்றமானது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான். விளையாட்டிலோ, தசையைப் பெருக்கும் மருந்தும் துயரத்தை மறக்க எடுத்த போதையும் நெடுங்காலம் ஏறத்தாழ ஒரே தட்டில் நிறுக்கப்பட்டன. முன்னது எதிராளியை ஏமாற்றுவது. பின்னது பெரும்பாலும் தன்னையே அழித்துக்கொள்வது. அந்த வேறுபாட்டை விதிகள் கவனியாத காலத்தில் அதைக் கவனித்திருக்கக் கூடியவை கிளப்புகளே.

செல்சி வேறு வழியில் சென்றது. 2003இல் பார்மாவிடமிருந்து வாங்கிய ருமேனியர் அட்ரியன் முட்டுவின் மேல் கிளப்புக்கே ஐயம் எழ, 2004 அக்டோபரில் சோதனை நடந்தது. கோகெய்ன். அம்மாதமே அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் விதித்தது ஏழு மாதத் தடைதான். கிளப்போ அவரை வாங்கிய பணத்தில் மிச்சத்தைக் கேட்டு வழக்காடியது. ஒரு கோடியே 71 லட்சம் யூரோவுக்கு மேல் முட்டு தர வேண்டும் என்று 2008இல் ஃபிஃபா தீர்ப்பளித்தது. 2009இல் விளையாட்டுக்கான நடுவர் மன்றம் அதை உறுதிசெய்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றும் 2018இல் அவர் தோற்றார். ஏழு மாதத் தண்டனை பதினான்கு ஆண்டு வழக்காக நீண்டது. நாப்போலி மறைத்தது, செல்சி மறைக்கவில்லை; அவ்வகையில் செல்சி நேர்மையானதே. ஆனால் இரண்டு இடத்திலும் எண்ணப்பட்டது பணம்.

மூன்றாவது கதை சிறிய கிளப் ஒன்றினுடையது. 2015 ஏப்ரலில் ஹல் சிட்டியின் ஜேக் லிவர்மோர் சோதனையில் சிக்கினார். அதுவும் கோகெய்ன்தான். கிளப் அவரை உடனே இடைநீக்கம் செய்தது, ஆயினும் கைகழுவவில்லை. முந்தைய ஆண்டு மே மாதம் அவருடைய பச்சிளம் மகன் இறந்திருந்தான். அத்துயரை வெளியில் சொல்லாமலே அவர் ஆடிக்கொண்டிருந்தார். செப்டம்பரில் கால்பந்துச் சங்கம் அந்தச் சூழலைக் கருதி மேலும் தடை வேண்டாம் என்று முடிவுசெய்தது. அவர் ஹல் அணிக்கே திரும்பினார். 2016இல் அந்த அணி மீண்டும் பிரிமியர் லீக்குக்கு ஏறியது. 2017இல் அவர் இங்கிலாந்துக்காகவும் ஆடினார். ‘ஏன்’ என்று கேட்கப்பட்டது மட்டுமே இங்கு வேறுபாடு.

விதிகள் அந்தக் கேள்வியை ஏற்கப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின. 2021 முதல் நடப்பிலுள்ள உலக ஊக்கமருந்து விதித்தொகுப்பு கோகெய்ன், ஹெராயின், கஞ்சாவின் வீரியப் பொருள் முதலியவற்றைத் தனி வகையாகப் பிரித்தது. போட்டிக்கு வெளியே, ஆட்டத்திறனோடு தொடர்பின்றி எடுத்தால் மூன்று மாதத் தடை. சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் ஒரு மாதம். நம் கண்ணெதிரே இதற்குச் சான்று கிரிக்கெட்டில் கிடைத்தது. 2025 ஏப்ரலில் குஜராத் டைட்டன்ஸ் அணியிலிருந்து சொந்தக் காரணம் என்று சொல்லி ஊர் திரும்பிய ககிசோ ரபாடா, தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனையில் சிக்கியிருந்தது மே மாதம் தெரியவந்தது. ஒரு மாதத் தடை கழிந்ததும் டைட்டன்ஸ் அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டது. ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் உலக டெஸ்ட் இறுதிப் போட்டியில் அவர் ஒன்பது விக்கெட்டுகள் எடுத்து, தன் நாட்டுக்குக் கோப்பை பெற்றுத் தந்தார்.

நாப்போலி, பின்னாளில் மாரடோனாவின் பத்தாம் எண்ணை வேறெவருக்கும் தருவதில்லை என்று முடிவுசெய்தது. 2020 நவம்பரில் அவர் மறைந்ததும் மைதானத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. செங்கோட்டைக் கணவாய் தாண்டிய மலையாளத்தில் அவர் இன்றும் தெய்வம். 2012இல் கண்ணூருக்கு வந்தபோது கூடிய கூட்டம் அதைக் காட்டியது. இவ்வளவு அன்பும் உண்மையானதே. இதில் சிறு பங்கேனும், அவர் நாப்போலியின் சட்டையை அணிந்திருந்த நாட்களில், ‘நீ இந்த ஞாயிறு ஆட வேண்டாம், முதலில் குணமாகி வா’ என்ற சொல்லாக வந்திருக்கலாம்.