மாட்டுவண்டியும் எழுத்துணரியும்: தமிழ் நூலகங்களின் தொழில்நுட்ப வரலாறு

நூலகத் தொழில்நுட்ப வரலாற்றைக் கணினியிலிருந்து தொடங்கும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. ஆனால், 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.ஆர். அரங்கநாதன் தொடங்கிவைத்த மாட்டுவண்டி நூலகமும் அக்காலத்திற்குரிய தொழில்நுட்பமே ஆகும். அதற்குக் காரணமானவர் ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை. நகருக்கு வர இயலாத சிற்றூர் வாசகரை நூல் தேடிச் சென்றது. அதே ஆண்டில் அரங்கநாதன் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதி விதி, நூலகத்தை வளரும் உயிரியாகக் காண்கிறது. இலண்டன் கடையொன்றில் கண்ட மெக்கானோ விளையாட்டுக் கருவியே அவரது கோலன் பகுப்புமுறைக்குத் தூண்டுதல் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. சொத்துவரியோடு திரட்டப்படும் நூலகவரி, நூலகங்களுக்கு நிலையான வருவாயைத் தந்தது.

அடுத்த கட்டத்தின் நோக்கம் வேறு. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின், அவர் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. எனினும் தொகுப்பு கடல் கடக்கவில்லை. சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்று, நுண்படச் சுருள்களில் பதிவுசெய்யப்பட்டது. அமிலத்தால் நொறுங்கும் தாளை நுண்படம் காத்தது. ஆயினும் அதைப் படிக்கும் பொறி இருக்குமிடத்திற்கு வாசகரே வரவேண்டியிருந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களுக்காக 2005இல் தோன்றிய நூலகம் மின்னூலகமும் இவ்விடத்தடையை நீக்க முயன்றன.

இளந்தலைமுறை திறன்பேசியில் சொல்லை இட்டுத் தேடிப் பழகியது. வருடியெடுத்த பக்கம் வெறும் படமாக இருக்கும்வரை அத்தேடலுக்கு அகப்படாது. எழுத்துணரி அதைப் படித்தாக வேண்டும். சிக்கல் இங்குதான் கூர்மையடைகிறது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா ஆகியவை கூட்டெழுத்தாகவும் ணை, லை, ளை, னை ஆகியவை கொம்பு வளைந்த வடிவிலும் உள்ளன. புதிய வடிவங்களில் மட்டும் பயிற்றப்பட்ட எழுத்துணரி இவற்றில் தடுமாறும்; இருபது வயது மாணவரும் அதே எழுத்துகளில்தான் தடுமாறுகிறார். எனவே, பழைய பக்கத்தின் படத்தோடு பிழைதிருத்திய இக்கால எழுத்துப்படியையும் இணைத்து வழங்குவது நூலகரின் பணியாகிறது. மெய்ப்புத் திருத்துநர் இல்லாமல் பொறிகளை மட்டும் வாங்கிக் குவிப்பதால் பயனில்லை.

பதிப்புரிமை மற்றொரு தடை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1980இல் மறைந்த எழுத்தாளரின் நூலை 2040 முடியும்வரை இசைவின்றி இணையத்தில் வெளியிட இயலாது. பாரதியின் படைப்புகளில் தொடங்கிய நாட்டுடைமையாக்கம் இதற்குத் தமிழகம் கண்ட வழியாகும். மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை அளித்து நூல்களைப் பொதுவாக்கும் அத்திட்டம், அச்சுப் பதிப்பாளரைவிட மின்னூலகங்களுக்கே இன்று மிகுதியும் பயன்படுகிறது எனலாம். ஆனால், மறுபதிப்பே காணாத சிற்றிதழ்கள் பலவற்றுக்கு உரிமையாளர் யார் என்பதே தெரியாத நிலையில், அவை எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் தாளிலேயே நொறுங்கிக்கொண்டிருக்கின்றன.