பழைய திருமண டிவிடி ஓட மறுக்கிறதா? வட்டைத் தூக்கி எறியும் முன் இதைப் பாருங்கள்

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 2005ஆம் ஆண்டு நடந்த என் பெரியம்மா மகளின் திருமணம், இன்று இரண்டு டிவிடிகளில்தான் இருக்கிறது. தாலி கட்டிய கோயில் மண்டபம் இல்லை. லயத்து வீடுகள் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. பெரியப்பாவும் இல்லை. அவர் குரலைக் கேட்க வேண்டுமென்றால் அந்த வட்டைத்தான் போட வேண்டும்.

போன தீபாவளிக்கு அதைப் பார்க்க ஆசைப்பட்டு, அக்கா நூறு வெள்ளிக்குள் ஒரு வெளிப்புற டிவிடி டிரைவ் வாங்கி மடிக்கணினியில் செருகினார். வட்டு சுழன்றது, 'டிக் டிக்' என்றது, நின்றது. மறுபடியும் அதே கதை. ஜோர்ஜ்டவுனில் ஒரு கடையில் காட்டியபோது, "வட்டு செத்துப்போச்சு, தூக்கிப் போடுங்க" என்றார்கள். வட்டு சாகவில்லை. முதல் கோளாறு மின்சாரத்தில் இருந்தது.

நம்மவர் வீடுகளில் இப்படிப்பட்ட வட்டுகள் நிறைய இருக்கின்றன. தோட்டம் மூடியதும் வெளியேறியவர்கள், 2009 செப்டம்பரில் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டபோது வீட்டை இழந்தவர்கள் எனப் பலருக்கு, வாழ்ந்த இடத்தைத் திரும்பப் பார்க்க வழி பழைய திருமண, பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழாப் பதிவுகள்தான். மடிக்கணினிகளிலோ இப்போது வட்டு போடும் இடமே இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2008இல் மெக்புக் ஏரை டிவிடி டிரைவ் இல்லாமல் வெளியிட்டது. பிறகு மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அதைக் கழற்றின. ஆகவே கையடக்கமான வெளிப்புற டிரைவை நம்பியிருக்கிறோம். அது திணறினால் பழி நேராக வட்டின் மேல் விழுகிறது.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். இந்த மெல்லிய டிரைவுகளுக்குத் தனி பிளக் கிடையாது. யுஎஸ்பி கேபிள் வழியாக வரும் மின்சாரம்தான் எல்லாம். பழைய யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3.0 என்றால் 900. ஆனால் நின்றிருக்கும் வட்டைச் சுழற்றத் தொடங்கும் அந்த நொடியில் டிரைவுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். கிடைக்காதபோது மோட்டார் தொடங்கும், தளரும், மீண்டும் தொடங்கும். அக்கா வீட்டில் கேட்ட 'டிக் டிக்' அதுதான். மௌஸ், விரலி, டிரைவ் எல்லாவற்றையும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தார்.

ஹப்பை எடுத்துவிட்டு டிரைவை மடிக்கணினியிலேயே நேராகச் செருகுங்கள். மடிக்கணினி சார்ஜரில் இருக்கட்டும். மேசைக் கணினி என்றால் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். நீளமான மலிவு கேபிளும் மின்சாரத்தைக் குறைத்துவிடும், குட்டைக் கேபிளே நல்லது. இதற்கும் அடங்காவிட்டால், இரண்டு யுஎஸ்பி துளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் 'ஒய்' கேபிள் கடைகளில் கிடைக்கிறது.

அடுத்து, திணறுவது டிரைவா, வட்டா என்று பிரித்தறிய வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பாட்டு சிடி நன்றாக ஓடுகிறதே, அப்படியானால் டிரைவ் நல்லதுதானே?" என்று கேட்பார்கள். அது போதாது. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் லேசர். ஒன்று தளர்ந்து மற்றொன்று நன்றாக வேலை செய்யலாம். சிடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி, டிவிடியில் 0.74 மட்டுமே. சிடியைச் சமாளித்துவிடும் டிரைவ் டிவிடியில் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே கடையில் வாங்கிய அசல் திரைப்பட டிவிடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது தொழிற்சாலையில் அச்சில் அழுத்திச் செய்யப்பட்டது. திருமண வட்டு அப்படியல்ல, ஒரு சாயப் பூச்சின் மேல் லேசரால் சுட்டு எழுதப்பட்டது. அசல் படம் ஓடித் திருமண வட்டு மட்டும் ஓடவில்லை என்றால் வட்டைக் கவனியுங்கள். இரண்டுமே ஓடவில்லை என்றால் டிரைவ் மேல்தான் சந்தேகம்.

தமிழ்நாட்டில் வாங்கி வந்த பட டிவிடியால் சோதிப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மலேசியாவின் வட்டாரக் குறியீடு 3, இந்தியா, இலங்கை இரண்டுக்கும் 5. குறியீடு பொருந்தாவிட்டால் நல்ல வட்டும் ஓடாது. டிரைவின் குறியீட்டை மாற்றலாம், ஆனால் மொத்தம் ஐந்து முறைதான். ஐந்தாவதோடு பூட்டிக்கொள்ளும். வீட்டுப் பதிவுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சில நேரங்களில் டிரைவ், வட்டு இரண்டுமே நலமாக இருக்கும், இயக்கும் மென்பொருள்தான் இருக்காது. விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதி கணினியோடு வருவதில்லை. வட்டைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறை தெரிகிறதா? தெரிந்தால் வட்டு படிக்கப்படுகிறது என்று பொருள். இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரை இறக்கிக்கொண்டால் போதும்.

கணினி "இது காலி வட்டு" என்று சொன்னால் அவசரப்படாதீர்கள். தயார் செய்யவா, ஃபார்மெட் செய்யவா என்று கேட்டால் 'வேண்டாம்' என்பதே பதில். கேம்கோடரிலோ, தொலைக்காட்சியோடு இணைக்கும் ரெக்கார்டரிலோ பதிவு செய்துவிட்டு, 'ஃபைனலைஸ்' என்ற கடைசி வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் கணினிக்கு அது காலியாகத் தெரியலாம். உள்ளே படம் இருக்கும். பதிவு செய்த அதே கருவி யார் வீட்டிலாவது கிடந்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்வதே சரியான வழி. கேம்கோடரின் 8 சென்டிமீட்டர் குட்டி வட்டைத் தட்டு வெளியே வரும் டிரைவில் போடலாம். வாயால் இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் போட்டால் உள்ளே சிக்கிக்கொள்ளும்.

பழைய டிரைவ் என்றால் லென்ஸைப் பாருங்கள். நம் வீட்டு ஹாலில் பெரும்பாலும் சாமி மேடைக்குப் பக்கத்திலேயே தொலைக்காட்சியும் பிளேயரும் இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி, சூடம். அந்தப் புகை கண்ணாடியில் படிவதுபோல லென்ஸிலும் படியும். வெளிப்புற டிரைவின் தட்டை இழுத்தால் லென்ஸ் சிறு கண்போலத் தெரியும். கேபிளைக் கழற்றிவிட்டு, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பில் ஆல்கஹால் லேசாக நனைத்து, அழுத்தாமல் துடையுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் வேலை முடிந்தது. தின்னர் வேண்டவே வேண்டாம்.

வட்டைக் கழுவலாம். எங்கள் வட்டை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவினோம். துடைக்கும்போது நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும். குறுக்காக விழும் கீறலை வட்டின் பிழைதிருத்தக் குறிப்புகள் ஓரளவு ஈடுகட்டும், தடத்தோடு ஓடும் கீறலை ஈடுகட்டுவது கடினம். பற்பசை தேய்ப்பது நம்மவரிடம் பிரபலமான வைத்தியம். பற்பசை மெருகேற்றும் பொடி கலந்தது, புதுக் கீறல் போட்டுவிடும்.

மணமக்கள் படம் போட்ட காகித லேபிள் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். அது வட்டைக் கோணலாகச் சுழல வைக்கும் என்பது உண்மைதான், ஆனால் உரிக்கும்போது வட்டே கெட்டுப்போகலாம். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டிச் செய்தது. பதிவு நடுவில் இருக்கிறது. விளிம்பில் ஒட்டு விட்டுவிட்டால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போகும்.

ஒருமுறை வட்டு படிக்கத் தொடங்கியதும் உட்கார்ந்து பார்க்காதீர்கள். உடனே நகல் எடுங்கள். இதுதான் எங்கள் வீட்டில் செய்த தவறு. மின்சாரம் சரியானதும் எல்லாரும் கூடிப் பார்க்கத் தொடங்கினோம். 41ஆவது நிமிடத்தில், பெரியப்பா சம்பந்தி வீட்டாரை வரவேற்கும் இடத்தில், படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்ததில் டிரைவ் சூடானதுதான் மிச்சம்.

நல்ல நிலையில் உள்ள டிவிடியின் 4.7 கிகாபைட் முழுவதையும் மெல்லிய டிரைவிலும் கால் மணி நேரம் போல வன்தட்டுக்கு இறக்கிவிடலாம். பழுதான வட்டை விண்டோஸில் சாதாரணமாக இழுத்துப் போட்டால் முதல் பிழையிலேயே நின்றுவிடும். அதற்கென்றே 'டிடிரெஸ்கியூ' என்ற இலவச நிரல் லினக்ஸில் இருக்கிறது. வட்டில் 2,048 பைட் அளவுள்ள சிறு துண்டுகளாகத் தகவல் இருக்கிறது, ஒரு முழு வட்டில் சுமார் 23 இலட்சம் துண்டுகள். இந்த நிரல் படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத துண்டுகளைக் குறித்து வைத்து, பிறகு திரும்பி வந்து முயலும். பாதியில் நிறுத்தி, வேறு டிரைவில் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சாதாரணம். பழைய மேசைக் கணினியின் பெரிய டிரைவ் கிடைத்தால் அதையும் விடாதீர்கள்.

எங்களைக் காப்பாற்றியது வேறொன்று. திருமணப் படம் எடுத்தவர்கள் அந்தக் காலத்தில் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என ஒரே மூலத்திலிருந்து பல நகல் எடுத்துக் கொடுப்பார்கள். சம்பந்தி வீடு சுங்கைப்பட்டாணியில். அங்கே அலமாரியில் கிடந்த நகலிலும் பழுது இருந்தது, ஆனால் பழுது வேறு இடத்தில். இரண்டும் துண்டுக்குத் துண்டு ஒரே வட்டாக இருந்ததால், நம் வட்டில் விடுபட்டதை அந்த வட்டிலிருந்து நிரல் நிரப்பிக்கொண்டது. ஆகவே சொந்தக்காரர்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

நகல் எடுத்ததும் கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். வன்தட்டில் ஒன்று, இன்னொருவர் வீட்டில் ஒன்று என இரண்டாக வையுங்கள். அசல் வட்டையும் எறியாதீர்கள். வெயில் படாத அலமாரியில், உறையில், நிற்கும் நிலையில் வையுங்கள்.

எங்கள் நகலில் ஏழு விநாடி மட்டும் இன்னும் உடைந்தே இருக்கிறது, மொய் எழுதும் இடத்தில். பெரியப்பா வரவேற்கும் காட்சி முழுதாக வந்துவிட்டது.